பதினொரு கெண்டைக்குப் பொதுமன்னிப்பு

பித்கயார்வி ஏரிக்கரை,
27 மார்ச் 1994

என் அக்கா பெற்ற ஒரே மகள், என் அருமை மருமகள் ரைலிக்கு,

உன் மாமா வில்யோ பின்லாந்தின் மிக நீளமான, மிகக் குளிரான சாலையில் உன் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். முழங்கால்கள் இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. மற்றபடி நலம். உன் கையால் சுட்ட ஹௌகி மீன் அடையின் கடைசித் துண்டை வழியில் பெட்ரோல் போடும் இடத்தில் நின்று சாப்பிட்டேன். பக்கத்து லாரிக்காரர் வாசனைக்கே கண் கலங்கினார்.

உன் கணவன் ஏஸ்கோ நல்ல பையன். மரம் அறுப்பான், சவுனா நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டுவான். ஆனால் ஹௌகிக்கு இரை வைக்க மட்டும் அவனுக்கு இந்த ஜென்மத்தில் வராது. அவன் படிப்புக்காக எழுதுகிறேன், சத்தமாக வாசித்துக் காட்டு.

இரைக் கெண்டை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதென்றால் பால்பல் விழாத ஹௌகிதான் வரும். பெரிதாகப் போனால், ஹௌகி அதை வாயில் வைத்துக்கொண்டு வசந்தம் வரை யோசிக்கும். ஒரு செதில்கூட உதிர்ந்திருக்கக் கூடாது. காய்ந்த கையால் தொட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய்விடும். ஆகவே உறைந்த ஏரியில் போட்ட பனித்துளைத் தண்ணீரில் கையை முக்கி, விரல் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். தூண்டில் முள்ளை வாயில் மாட்டினால் கெண்டை தூக்கு மாட்டியது போலத் தொங்கும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, எலும்பில் படாமல், தோலுக்கடியில் மட்டும் கோத்தால் அது தண்ணீரில் நேராக நின்று நீந்தும். ஹௌகியின் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி. நாணல் முடிந்து ஆழம் தொடங்கும் இடம். பாசிக்கு அரை முழம் மேலே. அவ்வளவுதான், மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

மீன் கவ்வினால் நிமிரும்படி துளையோரம் வைத்த கொடி எழும்பியதும் உன் கணவன் என்ன செய்தான் தெரியுமா? உறைந்த ஏரி அதிரும்படி ஓடினான்.

"மாமா! கொடி எழும்பிடுச்சு! இழுங்க, இழுங்க!"

"நில்லுங்க மாப்பிள்ளை. இப்பத்தான் குறுக்கால கவ்வியிருக்கு. இனி நின்னு, தலைப்பக்கமா திருப்பி, அப்புறம்தான் முழுங்கும். சோத்துல கை வைக்கிறவன் தட்டைப் பிடுங்குவீங்களா?"

இரண்டாம் முறை நரம்பு ஓடியது. இழுத்தேன். பனி விரிந்தது, சூரியன் மறைந்தது, ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஹௌகி துளை வழியே எட்டிப் பார்த்து எனக்கு வணக்கம் சொன்னது. அந்த நேரம் பார்த்து உன் பக்கத்து வீட்டுத் தௌனோ சறுக்குக்கட்டையில் வந்து நின்று, "சட்டிக்குச் சரியான அளவு" என்றான். பொறாமை! இருபது வருஷமாகத் தொப்பியைக் கழற்றாத மனிதனுக்கு அழகு எப்படித் தெரியும்?

ஓடை ஏரியில் கலக்கும் முகத்தில் ஏஸ்கோ பிடித்த கெண்டைகள் தூங்கி வழிந்தன. என்னுடையவை கல்யாண வீட்டுக்காரர்கள் போலத் துள்ளின. காரணம் அரச ரகசியம். மிச்சமிருந்தவற்றுக்கு, நீங்கள் சவுனாவுக்குப் போன பிறகு, அரசன் என்ற முறையில் பொதுமன்னிப்பு வழங்கித் துளையில் விட்டுவிட்டேன்.

வாளியை உங்கள் சவுனாப் பின்புறம் மறந்துவிட்டேன். அதை அருங்காட்சியகம் கேட்டால் கொடுக்காதே.

இப்படிக்கு,
பனித்துளைகளின் பேரரசன், ஹௌகிகளின் நடுக்கம்,
வில்யோ மாமா


ஹெர்னெலம்பி,
12 ஏப்ரல் 1994

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஏஸ்கோவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அளக்கறதுக்கு முன்னாடி தலையை வெட்டிட்டாரு, கவனிச்சியா?" என்றார். தேவாலயத்தில் ஊரார் சொல்லக் கேட்டபோது ஹௌகி ஒரு மீட்டர் நாற்பது ஆகியிருந்தது. யார் வளர்த்தார்கள் என்று கேட்கவில்லை.

தௌனோவைக் கிண்டல் செய்யாதீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஏரியில் கொடுக்குள்ள நன்னீர் இறால்களை முதன்முதலாக நானும் அவரும்தான் விட்டோம். நான் வாளியைச் சாய்த்தேன், அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகக் கல்லுக்கடியில் வைத்தார். அதிலிருந்து யாரும் பிடிக்கக் கூடாது என்று ஏரிச் சங்கம் கட்டுப்பாடு போட்டது. ஒன்பது வருஷமாக ஒருவரும் மீறவில்லை. இந்த வருஷம்தான் திறக்கிறோம். ஜூலை 21, நண்பகல் பன்னிரண்டு மணி. சங்கத் தலைவி என்ற முறையில் முதல் இறால் கூடையை நான் தூக்க வேண்டுமாம். இறாலோடு வேக வைக்க ஊரே சோம்புக்கீரை விதையை வாங்கி வைத்திருக்கிறது.

நீங்கள் வராவிட்டால் விருந்தில் யார் பாடுவது? வாருங்கள்.

அன்புடன்,
ரைலி


ஹெர்னெலம்பி,
16 ஜூலை 1994

மாமா,

21ஆம் தேதி வர வேண்டாம்.

போன வாரம் ஒரு இறால் பட்டப்பகலில் கரையோரம் நடந்துகொண்டிருந்தது. பகலில் அது வெளியே வரவே வராது. கால்நுனியில் உயரமாக நின்று, குதிகால் செருப்புப் போட்டுப் பழக்கமில்லாதவள் போலத் தள்ளாடியது. கையில் எடுத்தேன், வாலை அடிக்கவில்லை. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் எண்ணவில்லை. இப்போது காற்று கரைப்பக்கம் வீசினால் ஜன்னலைச் சாத்துகிறோம்.

சோதனைக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். இறால் கொள்ளைநோயாம். தானாக வராது, வேறு ஏரியின் தண்ணீரோடுதான் வரும் என்றார். ஈரமான கூடை, படகு, இரைமீன் வாளி, எதுவாகவும் இருக்கலாம். நம் இறால் ஒன்றுகூட மிஞ்சாது என்றார். நல்ல மனிதர், காபி குடிக்காமலே போய்விட்டார்.

ஊரில் எல்லோரும் தௌனோ பெயரைச் சொல்கிறார்கள். அவர் தெற்கே வேறு ஏரிகளிலும் கூடை போடுகிறவர். காய வைக்காமல் கொண்டுவந்திருப்பார் என்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சில் உங்கள் கெண்டைகளை நான் காட்டிய ஓடை முகத்தில்தானே பிடித்தீர்கள்? அங்கே சங்கம் வைத்த பலகை இருக்கிறதே, அதனால்தான் கேட்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் வாளி இங்கே இருக்கிறது.

ரைலி


பித்கயார்வி,
24 ஜூலை 1994

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்த அன்று இந்த நாட்டின் ஆயிரக்கணக்கான ஏரிகளும் ஒரே நேரத்தில் கண்ணீர் விட்டன. எங்கள் ஏரி கரை மீறி என் முள்ளங்கிப் பாத்திவரை வந்துவிட்டது. சோதனைக்கூடத்து ஆட்கள் சொல்வதை எல்லாம் நம்பாதே. ஒரு முறை என்னைப் பரிசோதித்து எனக்கு இதயமே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். வெயில் அதிகமானால்கூட இறால் சாகும். இடி விழுந்தால் சாகும். 1951இல் ஒரு பாதிரியாரின் பிரசங்கம் கேட்டு ஒரு குளத்து மீன் முழுக்கச் செத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கெண்டை ஓடை முகத்தில்தான் பிடித்தது. வேறெங்கே பிடிப்பேன்?

முழங்கால் வலி. அதிகம் எழுத முடியவில்லை. ஏஸ்கோவைக் கேட்டதாகச் சொல்.

மாமா வில்யோ


ஹெர்னெலம்பி,
21 ஆகஸ்ட் 1994

மாமா,

பதில் கிடைத்தது. அந்த வரியைக் கூட்டத்தில் வாசித்தேன். "எங்க மாமா பிடிச்சது ஓடை முகத்துல" என்று. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. உங்களை எல்லோருக்கும் பிடிக்கும்.

தௌனோவைச் சங்கத்திலிருந்து நீக்கியாயிற்று. கரையில் அவர் படகு கட்டும் கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கூட்டத்தில் அவரைக் கேட்டபோது, "என் கூடையை நான் ரெண்டு வாரம் வெயில்ல காய வெப்பேன். அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல" என்றார், உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். முன்தலை வெளுத்திருந்தது, குழந்தையின் தலை மாதிரி.

நீக்கும் கடிதத்தில் தலைவி கையெழுத்து வேண்டும். போட்டேன்.

ரைலி


பித்கயார்வி,
11 செப்டம்பர் 1994

ரைலி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் நான் நல்லவனாகவே வந்திருந்தேன். கிழித்துப்போட்டேன்.

கெண்டைகள் ஓடை முகத்தில் பிடித்தவை அல்ல. எங்கள் ஏரியில் பிடித்தவை.

இங்கே இறால் பிடிப்பவர்கள் சில வருஷங்களுக்கு முன் அமெரிக்க இறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்த நோயைச் சுமக்கும், ஆனால் சாகாது. எனக்கு இது தெரியும். எங்கள் படகுத்துறையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பனிக்குக் கீழே வலைக்கூடை வைத்து இருபது கெண்டை பிடித்தேன். மூன்று நாள் கீழறைத் தொட்டியில் வைத்தேன். பிறந்த தண்ணீரிலேயே கொண்டுபோனால்தான் இரை சோராமல் துள்ளும் என்று முப்பது வருஷமாக எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான். அதனால் தண்ணீரோடு வாளியில் எடுத்து, கார் பின்சீட்டில் போர்வை போட்டு மூடிக் கொண்டுவந்தேன். அதுதான் அரச ரகசியம்.

நீ என்னை ஓடை முகத்துக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினாய். 'வேற்று நீரின் இரைமீனோ நீரோ கொண்டுவரக் கூடாது.' அதை நான் பாதிரியார் குரலில் ராகம் போட்டு வாசித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நினைவிருக்கிறதா? அந்தப் பலகையில் கீழே உன் பெயர் இருந்தது. பிறகு, "நீ போம்மா, நானே பிடிச்சுக்கிறேன்" என்றேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

ஒன்பது கெண்டை செலவாயிற்று. பதினொன்று மிச்சம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, பதினொன்று. நீங்கள் சவுனாவுக்குப் போய்விட்டீர்கள். வெயில் பனிமேல் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. அவை வாளிக்குள் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன. கொல்ல மனம் வரவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தண்ணீரோடு துளையில் சாய்த்தேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று வீடு வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன் ஜூலைக் கடிதத்தைத் தபால்பெட்டிப் பக்கத்திலேயே நின்று வாசித்தேன். முதல் பாதியிலேயே இது என் வேலை என்று தெரிந்துவிட்டது. ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தாய். நான் பொய்யாக ஒரு வரி எழுதினேன். நீ அதை ஊர் முன்னால் வாசிப்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ. ஊரெல்லாம் என்னைப் பார்த்ததும் சிரிக்கும், ரைலி. எழுபத்தோரு வயதில் எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அதை விட மனமில்லாமல் ஒரு மனிதனின் படகுக்கட்டையைப் பிடுங்க விட்டேன்.

தௌனோவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

இதைக் கூட்டத்தில் வாசி. முழுக்க வாசி. என்னைக் காப்பாற்ற எந்த வரியையும் விடாதே.

இன்னொன்று. அந்த ஹௌகி அறுபத்திரண்டு சென்டிமீட்டர். தௌனோ சொன்னது சரி.

வில்யோ


ஹெர்னெலம்பி,
2 அக்டோபர் 1994

மாமா,

போன ஞாயிறு தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம் போட்டேன். தௌனோ வீட்டுக்குப் போய், "தயவுசெஞ்சு வாங்க" என்று கேட்டேன். உள்ளே வரவில்லை. கதவுநிலையில் நின்றார்.

முழுக்க வாசித்தேன். பலகையில் இருந்த என் பெயரையும் வாசித்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? யாரும் நம்பவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்தே விட்டார். "ஒரு ஏரியையே கொன்னேன்னு பெருமையடிக்கிறாரே மனுஷன்! இதுலயும் அவருதான் கதாநாயகன்." இன்னொருவர், "தௌனோவைக் காப்பாத்த உங்க மாமா கட்டின கதைம்மா இது. பெரிய மனசு அவருக்கு" என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். உங்களுக்குக் கைதட்டுவார்கள் போலிருந்தது.

அப்போது தௌனோ கதவருகிலிருந்து கேட்டார்: "ஹௌகி எவ்ளோன்னு எழுதியிருக்காரு? திரும்பப் படி."

"அறுபத்திரண்டு."

"அது நெஜம். நான் பாத்தேன்." தொப்பியைக் கழற்றினார். "வில்யோ தன் கையால அறுபத்திரண்டுன்னு எழுதியிருக்காருன்னா, மத்ததும் நெஜம்தான்."

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை.

கூட்டம் முடிந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், மாமாவால் ஏமாற்றப்பட்ட பெண் என்று. எழுந்து காபி போடப் போயிருக்கலாம். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அதில் ஒரு சின்னக் கொடுக்கு இருக்கிறது. சுண்டுவிரல் நக அளவு. மடிப்பில் வெள்ளைப் பொட்டு. நம் இறாலுக்கு அந்தப் பொட்டு கிடையாது. அமெரிக்க இறாலுக்கு மட்டும்தான் உண்டு. உங்கள் வாளியின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. கெண்டையோடு ஒரு குஞ்சும் வந்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. ஜூலை 14ஆம் தேதி கிடைத்தது. உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதியதற்கு இரண்டு நாள் முன்னால்.

தெரிந்துதான் கேட்டேன் மாமா. நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் செய்ய வேண்டியதைச் செய்வேன், பொய் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். உங்கள் பொய் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லவே வாய் கூசுகிறது. கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோதும், தௌனோவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோதும் இந்தத் தீப்பெட்டி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. ஏஸ்கோவுக்குக்கூடத் தெரியாது.

தௌனோ உள்ளே வந்தார். தீப்பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை வெச்சிக்கிட்டா கையெழுத்துப் போட்ட?"

"ஆமா."

"என்கூடத்தானே தண்ணியில நின்ன நீ."

அவ்வளவுதான் சொன்னார். மூடி மேசையில் வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் இப்போது தலைவி இல்லை. படகுக்கட்டையை நானும் ஏஸ்கோவும் திரும்ப நட்டுவிட்டோம். முதல் நாள் ஏஸ்கோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்தார். இரண்டாம் நாள், "ஆழமா அடி, சாயுது பாரு" என்றார். கட்டை நிற்கிறது. தௌனோ இன்னும் படகைக் கொண்டுவந்து கட்டவில்லை. கடையில் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், நான்தான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நீங்களும் அங்கே அப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களை மன்னித்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுத நான் யார்? நீங்கள் வாளியைச் சாய்த்த பிறகுதான் தெரிந்துகொண்டீர்கள். நான் தெரிந்துகொண்டுதான் தௌனோவைச் சாய்த்தேன்.

ஏரி சில வருஷம் காலியாகவே கிடக்க வேண்டுமாம். பிறகு மறுபடி விட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்க ஆள் வேண்டும்.

ஹௌகிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகையால் மார்ச்சில் வாருங்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள். வாளி இங்கே கொதிநீரில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது, இனி இங்கேயே இருக்கும். ஓடை முகத்தில் உட்கார்ந்து தூங்கி வழியும் கெண்டைகளை நாம் இருவரும் பிடிப்போம். விரல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்வரை கையை முக்குவோம். பனிமேல் அவருக்கென்று மூன்றாவது துளை ஒன்று போடட்டுமா என்று தௌனோவிடம் வேலியருகே நின்று கேட்டேன்.

"என்ன அளவுக் கெண்டை?" என்று மட்டும் கேட்டார்.

ரைலி